மடிக்கணினிக்குள் ஒரு முறைநீர்

கவிதையும் சிறுகதையும் பேசப்படும் இப்பக்கங்களில் மடிக்கணினியின் வரைகலைச் சில்லைப் பற்றி எழுதப் புகுவதற்கு நமக்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளிலும் அதற்கு அடுத்த பத்தாண்டிலும் வெளிவந்த தமிழ்ச் சிற்றிதழ்கள் பல பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் எழுத்துக்கள் டாம், டாப், டிஸ்கி, பாமினி எனப் பல குறியேற்றங்களில் சிதறிக் கிடக்கின்றன. தமிழக அரசு ஒருங்குறியை 2010-இல் ஏற்பதற்கு முன்பு அச்சேறிய ஓர் இதழின் மூலக்கோப்பு இன்று நம் கைக்கு வந்தால், அதைத் திறக்கப் பழைய விண்டோஸ் வேண்டும், பேஜ்மேக்கர் வேண்டும், அந்த இதழ் பயன்படுத்திய எழுத்துருவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் திரையில் தெரிவது தமிழாக இராது. கோப்பே கிடைக்காத இதழ்களுக்கு அச்சுப் பிரதியை வருடியெடுத்து, கறை நீக்கி, கோணல் நிமிர்த்திச் சேமிக்க வேண்டியிருக்கிறது.

இவ்விரு வேலைகளையும் நாம் ஒரே மடிக்கணினியில் செய்து வருகிறோம். அதில் இயங்குவது லினக்ஸ். லினக்ஸுக்குள் இரண்டு மெய்நிகர்க் கணினிகள். ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும். மற்றொன்றில் விண்டோஸ் 10-உம் பக்கப் படங்களைத் திருத்தும் மென்பொருளும். மெய்நிகர்க் கணினி என்பது கணினியின் உள்ளே மென்பொருளால் ஆன இன்னொரு கணினி. தனக்கென்று ஒரு செயலியும் வட்டும் திரையும் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பது. கதைக்குள் கதை சொல்லும் மரபில் வளர்ந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளிலும் முடித்துக்கொண்டது. எனவே இணையத்தோடு தொடர்பற்ற ஒரு பெட்டிக்குள் வைத்து இவற்றை ஓட்டுவதே விவேகம்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய எக்ஸ்பி பறக்கிறது. புதிய விண்டோஸ் 10 தவழ்கிறது. எக்ஸ்பியின் சாளரங்கள் தட்டையானவை. அவற்றை வரைய வரைகலைச் சில்லின் துணை அதிகம் வேண்டியதில்லை. விண்டோஸ் 10 ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனிப் படமாக வைத்துக்கொண்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நொடிக்குப் பலமுறை திரையைக் கோத்துக் காட்டுவது. வரைகலைச் சில்லு ஒன்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. சில்லு இல்லாதபோது அவ்வளவு கணக்கையும் மையச் செயலி போட்டாக வேண்டும். 600 புள்ளி நுணுக்கத்தில் வருடிய ஓர் இதழ்ப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் மின்விசிறி அலறத் தொடங்குகிறது. பக்கம் தவணை முறையில் வந்து சேர்கிறது. ஒரு பக்கமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் இதழுக்கு எண்பது பக்கங்கள்.

அதே நேரத்தில், அதே மடிக்கணினிக்குள், வரைகலைச் சில்லு ஒன்று ஏறக்குறைய வேலையற்று உட்கார்ந்திருக்கிறது. அது வேறெங்கோ தனி அட்டையில் இருப்பதுமன்று. இன்டெல் 2011-இல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் வரிசையிலிருந்து வரைகலைப் பகுதி மையச் செயலியோடு ஒரே சிலிக்கான் துண்டில் குடியேறிவிட்டது. ஒரே கூரை, ஒரே உலை; நினைவகமும் பொது. கணினித்துறையினர் மெய்நிகர்க் கணினியை விருந்தாளி என்றும், அதைத் தாங்கும் கணினியை விருந்தளிப்பவர் என்றும் அழைப்பது வழக்கம். நம் வீட்டு விருந்தாளிக்குச் சோறு உண்டு, பாய் உண்டு. விளக்கு மட்டும் கிடையாது. அடுத்த அறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒரு கணினியில் உள்ள கருவியை அதில் இயங்குபவர் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளத்தின் முதற்கடமை. மடிக்கணினியின் வரைகலையைப் பொறுத்தவரை அக்கடமை சில்லு செய்யும் நிறுவனத்தின் சலுகையாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குத் தரப்பட்டு, அடுத்த தலைமுறையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. வேகம் சற்றுக் குறைந்தாலும், எவரும் திரும்பப் பெற முடியாத பொது வழியையே வளர்க்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயங்களும் உண்டு, அவற்றுக்கும் வருவோம்.

பங்கிடுவது கணினி உலகுக்குப் புதிதன்று. ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் 1960-களில் உருவான சிபி-40, சிபி-67 ஆகியவை ஒரு பெருங்கணினியை ஒவ்வொருவருக்கும் தனிக் கணினியாகக் காட்டின. அவற்றின் வழித்தோன்றலான விஎம்/370 அறிவிக்கப்பட்டது 1972-இல். நம் மேசைக்கு அதற்கிணையான வசதி வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2005-இல் இன்டெல் மையச் செயலியிலேயே மெய்நிகராக்கத்துக்கான துணையைச் சேர்த்தது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20-இல் கேவிஎம் இடம்பெற்றது. அதன்பின் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு எல்லாம் சண்டையில்லாமல் பங்கிடப்பட்டன. வரைகலை மட்டும் ஒற்றை வாரிசின் சொத்தாகவே நின்றுவிட்டது. அச்சில்லு ஒரே இயக்கி மென்பொருளின் கட்டளைக்குக் கீழ்ப்படியும்படி வடிவமைக்கப்பட்டது. இரண்டு எசமானர்களை அதற்குத் தெரியாது.

முதலில் கிடைத்த வழி, பங்கிடாமல் முழுவதையும் தாரைவார்ப்பது. 2012-இல் லினக்ஸ் 3.6-இல் விஎஃப்ஐஓ என்ற கட்டமைப்பு வந்தது. கணினியின் ஒரு சாதனத்தை அப்படியே பிடுங்கி மெய்நிகர்க் கணினியிடம் ஒப்படைக்க அது வழிசெய்கிறது. இரண்டு வரைகலை அட்டைகள் உள்ள மேசைக்கணினிக்காரர்கள் ஒன்றைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றதை விண்டோஸுக்கு விட்டு, அதில் விளையாட்டுகள் ஆடி மகிழ்ந்தார்கள். ஒரே சில்லுள்ள மடிக்கணினியில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை நாம் யோசிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். தொடக்க அமைப்பில் ஒரு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்ததும் திரை இருண்டது. கணினி சாகவில்லை. வட்டு ஓடுகிறது, விசிறி சுழல்கிறது, இன்னொரு கணினியிலிருந்து வலைவழி அழைத்தால் பதில்கூடச் சொல்கிறது. முகம் மட்டும் இல்லை. வலைவழியாகவே உள்ளே புகுந்து அந்த வரியை அழித்த பிறகுதான் திரை திரும்பியது. பிழை முழுக்க நம்முடையது. இருக்கும் ஒரே கண்ணை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு வழி தெரியவில்லை என்று புலம்பினால் யார் என்ன செய்ய முடியும்.

இரண்டாவது வழிதான் இக்கட்டுரையின் நடுப்பொருள். அதன் பெயர் ஜிவிடி-ஜி. இன்டெல்லின் பொறியாளர்கள் உருவாக்கியது. 2014-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் குன் டியன், யாவ்சூ டோங், டேவிட் கௌபர்த்வைட் மூவரும் இதை விவரித்து ஒரு கட்டுரை வாசித்தார்கள். இதன் அடிப்படைக் கருத்தை விளக்க நம் ஏரிப்பாசனத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். நீராணிக்கர் என்றும் சில பகுதிகளில் சொல்வதுண்டு. ஒவ்வொரு வயலுக்கும் அவர் குடத்தில் மொண்டு ஊற்றுவதில்லை. மடையைத் திறப்பதும் அடைப்பதும் மட்டுமே அவர் கையில் இருக்கும். முறை வந்தவரின் வாய்க்காலில் தண்ணீர் தானாகப் பாயும்; முறை முடிந்ததும் மடை மாறும். வயல்களின் வரப்பு நிலையானது. தண்ணீரின் முறைதான் மாறிக்கொண்டே இருக்கும்.

ஜிவிடி-ஜி செய்தது இதையேதான். வரைகலைக்கான நினைவக வெளியை வரப்பு வெட்டிப் பிரித்தது. படம் வரையும் பொறியை நேர முறை வைத்து மாற்றி மாற்றித் தந்தது. முறை வந்த விருந்தாளி சில்லோடு நேரடியாகவே பேசிக்கொள்ளலாம், வேகம் கெடாது. பிறர் வயலைத் தொடக்கூடிய கட்டளைகளை மட்டும் நடுவே நிற்கும் மென்பொருள் வழிமறித்துச் சோதிக்கும். மேற்சொன்ன கட்டுரை, வரைகலைச் சுமை மிகுந்த வேலைகளில் நேரடி வேகத்தில் 95 விழுக்காடு வரை எட்டியதாகவும், 7 மெய்நிகர்க் கணினிகள் வரை தாங்கியதாகவும் கூறுகிறது. 95 என்பது அதிகபட்சக் கணக்கு. எல்லா வேலைக்கும் அது வாய்க்காது என்பதை நம் அனுபவத்தில் கண்டோம். ஆனாலும் ஒரு மடிக்கணினிக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

2017 பிப்ரவரியில் லினக்ஸ் 4.10-இல் இது கேவிஎம்மோடு சேர்ந்து முறையான இடம் பெற்றது. 2018-இல் லினக்ஸ் 4.16-உம் க்யூஎமு 2.12-உம் வந்தபோது இன்னொரு நன்மையும் கிடைத்தது. விருந்தாளி வரைந்த படத்தைப் படியெடுக்காமல், அது இருக்கும் நினைவக இடத்திலிருந்தே நம் திரையின் ஒரு சாளரத்தில் காட்ட முடிந்தது.

இதன் பங்குக் கணக்கு தமிழாசிரியர் எவரையும் மகிழ்விக்கும். கெர்னலின் கோப்புறைகளுக்குள் சென்று பார்த்தால் வி5_1, வி5_2, வி5_4, வி5_8 என்ற பெயர்களைக் காணலாம். முழு, அரை, கால், அரைக்கால். கீழ்வாய் இலக்கத்தை ஏட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இதைக் கண்டபோது சிரிப்பு வந்தது. அரைக்கால் பங்குக்குத் திரையளவு 1024×768. கால் பங்குக்கு 1920×1200 வரை. கால் பங்குக்கான வரப்புக்குள் 128 எம்பி நேரடி வெளியும் 512 எம்பி மறைவெளியும் அடங்கும். ஓர் அடையாள எண்ணை உரிய கோப்பில் எழுதினால் பங்கு பிறந்துவிடும். பத்திரப் பதிவுகூட இல்லை. பல மடிக்கணினிகளில் அந்த நேரடி வெளியின் மொத்த அளவைக் கூட்டும் வசதி பயாஸில் வெளியே காட்டப்படுவதில்லை என்பது ஒரு குறை. அதனால் பெயரளவில் கால் என்றாலும், அப்படி நான்கு கிடைக்காது. ஒரு கால் பங்கோ, ஓரிரு அரைக்கால் பங்கோதான் தேறும். கால் நான்கு சேர்ந்தால் ஒன்று என்று படித்த வாய்ப்பாடு இங்கே செல்லாது.

அந்த ஒற்றைக் கால் பங்கே நமக்குப் போதுமாயிருந்தது. விண்டோஸ் 10-க்குள் இன்டெல்லின் வழக்கமான இயக்கியை நிறுவியதும், தான் மெய்யான ஒரு சில்லின் மேல் இருப்பதாக அது நம்பிவிட்டது. வருடிய பக்கம் விரலோடு நகர்ந்தது. மின்விசிறி அடங்கியது. முன்பு ஒரு மாலைப்பொழுதில் பத்துப் பக்கம் திருத்தி அலுத்தவர்கள், ஓர் இதழை முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்தோம். கணினி இதழ்களின் வேக அளவீட்டுப் பட்டியல்களில் இப்படிப்பட்ட பயன் இடம்பெறுவதில்லை. நொடிக்கு எத்தனை சட்டகம் என்று அளப்பவர்களுக்கு, 1990-களின் மட்கிய தாளில் ஒற்று எழுத்தின் புள்ளி எது, பூஞ்சைப் புள்ளி எது என்று பெருக்கிப் பார்க்க வேண்டிய தேவை வந்திருக்காது.

ஜிவிடி-ஜி கிடைப்பது இன்டெல்லின் 5-ஆம் தலைமுறையான பிராட்வெல்லிலிருந்து 10-ஆம் தலைமுறையின் காமெட் லேக் வரைதான். அதே 10-ஆம் தலைமுறை என்ற பெயரில் 2019-இல் வந்த ஐஸ் லேக்குக்கு இது கிடையாது. அதற்குப் பின்வந்த எதற்கும் கிடையாது. லினக்ஸுக்குள் முறையாகச் சேர்ந்து மூன்றாண்டு ஆவதற்குள் வாசல் அடைபட்டுவிட்டது. பழைய சில்லு வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம். புதிது வாங்குபவர் இழப்பார். பணம் கொடுத்து மேம்பட்டதை வாங்கினால் வசதி குறையும் என்பது விநோதமான வளர்ச்சி.

மாற்றாகக் காட்டப்பட்டது எஸ்ஆர்-ஐஓவி. இது பிசிஐ சாதனங்களுக்கான பொதுத் தரம், 2007-இல் வந்தது, வலையமைப்பு அட்டைகளில் நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ளது. இதில் நீர்க்கட்டிக்குப் பெரிய வேலையில்லை. வன்பொருளே தன்னைப் பல கிளைகளாகப் பிரித்துக் காட்டும். 12-ஆம் தலைமுறைச் செயலிகளின் ஒருங்கிணைந்த வரைகலையில் இவ்வாறு 7 கிளைகள் வரை பிரிக்கலாம். கோட்பாட்டளவில் இது மேலான முறை என்பதில் நமக்கு ஐயமில்லை.

வன்பொருளில் இருந்தும் பயன்படுத்த முடியவில்லை என்பதே சிக்கல். அத்தலைமுறைகளுக்கு லினக்ஸில் இயல்பாக அமரும் ஐ915 இயக்கியின் பொதுக் கெர்னல் வடிவில் இப்பங்கீட்டுக்கான பகுதி சேர்க்கப்படவே இல்லை. நிறுவனம் தன் தனிக் கிளையில் வைத்திருந்த நிரலைத் தன்னார்வலர்கள் எடுத்து, கெர்னலுக்கு வெளியே ஒரு தொகுதியாகத் தைத்து, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒட்டுப்போட்ட துணியை உடுத்திக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது? எக்ஸ்ஈ என்ற புதிய இயக்கி 2024 மார்ச்சில் லினக்ஸ் 6.8-இல் சேர்ந்தது, எஸ்ஆர்-ஐஓவி வேலை அதில்தான் படிப்படியாக வளர்ந்தது. அதன் பார்வை வரும் தலைமுறைச் சில்லுகளை நோக்கியது; நடுவே வாங்கியவர்கள் நடுவிலேயே நிற்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அதை இது குறித்து எழுதுபவர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை. எஸ்ஆர்-ஐஓவியின் கிளைகளுக்குத் திரை கிடையாது. விருந்தாளி படத்தை வரைந்துவிடுவார். காட்ட இடம் இராது. அதனால் விண்டோஸின் தொலைத்திரை வழியாகவோ, லுக்கிங் கிளாஸ் போன்ற மென்பொருள் வழியாகவோ அப்படத்தை எடுத்துவர வேண்டும். ஒரே மடியில், ஒரே சிலிக்கான் துண்டில் இருக்கும் இருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. வழங்கன் அறைகளில் எவரும் திரையின் முன் உட்காருவதில்லை. அங்கே இது குறையாகத் தெரியாது. நாம் திரையின் முன் உட்காருபவர்கள். இவ்வடிவம் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிற நிறுவனங்களும் இதில் விலக்கில்லை. ஏஎம்டி 2016-இல் எஸ்ஆர்-ஐஓவியை வழங்கன்களுக்கான அட்டையில் தந்தது. மடிக்கணினிகளின் ஒருங்கிணைந்த சில்லுக்கு அதை இறக்கித் தரவில்லை. நிவிடியாவின் பங்கீட்டு முறைக்குத் தனியே உரிமக் கட்டணம் உண்டு.

ஜிவிடி-ஜியைக் கைவிட்டதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இல்லாமல் இல்லை. வழிமறித்துச் சோதிக்கும் அந்த நடுமென்பொருள், சில்லின் ஒவ்வொரு பதிவகத்தையும் ஒவ்வொரு கட்டளையையும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தப் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும். ஒரு கட்டளையைத் தவறாக அனுமதித்தால் ஒரு விருந்தாளி மற்றவரின் நினைவகத்தை எட்டிப் பார்க்கக்கூடும். நீர்க்கட்டி அயர்ந்தால் ஊரில் வெட்டுக்குத்து. இவ்வளவு சுமையை வன்பொருளுக்கு மாற்றிவிடுவது அறிவார்ந்த முடிவுதான். நம் மனக்குறை அம்முடிவின் மீதன்று. பழைய பாலத்தை இடித்தபோது புதிய பாலம் கட்டி முடிக்கப்படவில்லை என்பதும், படகுக்காரர்களாகத் தன்னார்வலர்களை விட்டுவிட்டார்கள் என்பதுமே நாம் சொல்வது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைத்தான் நாம் பொது வழி என்றோம். விர்ட்ஐஓ வரைகலை என்பது எந்த நிறுவனத்தின் சில்லையும் போல நடிக்காத ஒரு கற்பனைச் சில்லு. 2015-இல் லினக்ஸ் 4.2-இல் வந்தது. டேவ் ஏர்லி தொடங்கிய விர்ஜிஎல் அதற்கு முப்பரிமாணத் திறனைச் சேர்த்தது. 2016 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 4.4-இல் அதற்கான கெர்னல் பகுதி இடம்பெற்றது. இது ஒரு மொழிபெயர்ப்பு வேலை. விருந்தாளிக்குள் ஒரு மென்பொருள் ஓபன்ஜிஎல் மொழியில் சொல்வதை ஓர் இடைமொழிக்கு மாற்றி வெளியே அனுப்புகிறார்கள். வெளியே இருப்பவர் அதை மீண்டும் ஓபன்ஜிஎல்லாக்கித் தம் சில்லிடம் சொல்கிறார். ருஷ்ய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழில் படித்த தலைமுறை நாம். இரு கை மாறிய பிரதியின் தாமதமும் சிதைவும் நமக்குத் தெரியும், அதனால் அடைந்த பயனும் தெரியும். பின்னர் வந்த வீனஸ், வல்கன் என்ற புதிய வரைகலை மொழிக்கானது. அதில் பெரிதாக மொழிபெயர்ப்பதற்கு ஒன்றுமில்லை; சொன்னதை ஒழுங்காகக் கட்டி அனுப்பினால் போதும். 2024 டிசம்பரில் வந்த க்யூஎமு 9.2-இல் அது சேர்ந்தது. இன்னும் ஒரு படி மேலே போய், விருந்தாளிக்குள்ளேயே மெய்யான சில்லின் மொழியில் கட்டளை எழுதி, அதை இந்தக் கற்பனைச் சில்லின் வழியே அனுப்பும் முறையும் வந்துவிட்டது. ஏஎம்டி சில்லுகளுக்கான அவ்வழி 2025-இல் மெசா 25.0-இல் சேர்ந்தது. மூல மொழியிலேயே படிப்பது போல.

இவ்வழியின் சிறப்பு வேகத்தில் இல்லை. சில்லு இன்டெல்லுடையதா ஏஎம்டியுடையதா, எத்தனையாம் தலைமுறை என்று விர்ஜிஎல்லும் வீனஸும் கேட்பதில்லை. நிரல் பொதுவில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஆர்வம் இழந்தால் மற்றொருவர் எடுத்து நடத்தலாம். குரோம்புக் கணினிகளுக்குள் லினக்ஸ் மென்பொருள்களை ஓட்ட கூகுள் மெய்நிகர்க் கணினியைத்தான் பயன்படுத்தியது. அதன் வரைகலையும் இவ்வழியில் வந்ததே. லினக்ஸுக்குள் லினக்ஸை ஓட்டுபவர்களுக்கு இன்று நாம் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே. ஒரு பெட்டியில் குறி வைத்தால் போதும். பயாஸைத் தொட வேண்டாம், திரை இருளாது.

பிறகு ஏன் நாமே இதைப் பயன்படுத்தவில்லை? விருந்தாளி விண்டோஸாக இருந்தால் இவ்வழி பாதியில் நின்றுவிடுகிறது. விர்ட்ஐஓவின் விண்டோஸ் இயக்கித் தொகுப்பில் இருப்பது படத்தைக் காட்டும் இயக்கி மட்டுமே. வரையும் வேலையைச் சில்லுக்கு அனுப்பும் இயக்கி அதில் இல்லை. தனி மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். சில முயற்சிகள் சோதனை நிலையில் நின்றன. நாம் இதுவரை சொன்ன வாதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பொது வழியைப் பாராட்டி எழுதும் நாமே தனியார் பாதையில்தான் நடக்கிறோம்.

நண்பர்கள் இருவகையாக மறுக்கிறார்கள். பழைய விண்டோஸ் மடிக்கணினி ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது ஒன்று. தீரும், அதன் வட்டு தீரும்வரை. மெய்நிகர்க் கணினி என்பது ஒரு கோப்பு. அதைப் படியெடுத்து மூவரிடம் கொடுத்து வைக்கலாம். எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் திருத்தங்களும் அதற்குள் அப்படியே இருக்கும். ஏட்டைப் படியெடுத்ததால் பிழைத்த இலக்கியம் நம்முடையது. மூல ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களின் வீட்டில் கறையான்தான் மிஞ்சியது. மற்றொரு மறுப்பு, கணினியை அணைத்துவிட்டு விண்டோஸில் தொடங்கலாமே என்பது. பேஜ்மேக்கரில் ஒரு பத்தியைப் பார்த்து, வருடிய பக்கத்தோடு ஒப்பிட்டு, லினக்ஸில் உள்ள குறியேற்ற மாற்றியில் இட்டுச் சரிபார்ப்பது ஒரே அமர்வில் நடக்கும் வேலை. ஒவ்வொரு ஐயத்துக்கும் கணினியை அணைத்து எழுப்பினால் ஐயமே மறந்துபோகும்.

நாம் கேட்பது மிகுதியன்று. ஒரு வசதியைச் சில்லில் வைத்திருப்பதாக அறிவிக்கும் நிறுவனம், அச்சில்லு கடைக்கு வரும்போதே அதற்கான நிரலைப் பொதுக் கெர்னலில் சேர்ப்பித்திருக்க வேண்டும். பழைய வழியை மூடுவதற்கு முன் அதைச் செய்திருக்க வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளின் பக்கமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் வருகைப்பதிவு மென்பொருளையே திரும்பத் திரும்பச் செய்து கொடுக்கிறார்கள். விர்ட்ஐஓவுக்கான விண்டோஸ் வரைகலை இயக்கி கடினமான வேலைதான். ஓராண்டில் முடியாது, ஒரு குழுவால் முடியாது. ஆனால் அதன் ஒரு மூலையை எடுத்துச் செய்தாலும் உலகில் பலர் பயன்படுத்துவர். தமிழில் எம்.ஏ. படித்த நாம் நிரல் எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். விடுபட்ட வரியை இட்டுப் பதிப்பிக்கும் வேலை எங்கும் ஒன்றுதான் என்ற உரிமையில் சொல்கிறோம்.

நம் மடிக்கணினி 8-ஆம் தலைமுறையைச் சேர்ந்தது, 2018-இல் வாங்கியது. மின்கலத்தை இருமுறை மாற்றியாயிற்று, விசைப்பலகையில் ஒரு விசை இல்லை. புதியது வாங்கிக்கொள்ளும்படி வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருடி முடிக்க இன்னும் பதினான்கு இதழ்கள் பாக்கி. கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், வேறு எதையும் பார்ப்பதற்கு முன், காலும் அரைக்காலும் அந்தக் கோப்புறையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறோம்.